கப்பலில் ஓர் இனாம்

இனாம் என்றால் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். மனமிருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று விலை குறித்து, நாம் கேளாமலே நம் கணக்கில் எழுதி, அதற்கும் இனாம் என்றே பெயர் வைக்கும் விந்தையைக் காண வேண்டுமானால் உல்லாசக் கப்பலில்தான் ஏற வேண்டும்.

மங்கலத்திலும் சுற்று வட்டாரத்திலும் சிறிது காலமாக இந்தக் கப்பல் மோகம் பரவியிருக்கிறது. இரவும் பகலும் விசைத்தறி ஓசையில் வாழ்கிறவர்களுக்கு அலையோசை பிடித்துப் போவதில் அதிசயமில்லை. நாமும் போன வருஷம் குடும்ப சகிதமாய், தாய்மாமனையும் அழைத்துக்கொண்டு, சிங்கப்பூர் சென்று அங்கிருந்து மூன்று இரவுக் கப்பல் யாத்திரை செய்து வந்தோம். "சாப்பாடு, படுக்கை, பாட்டு, கூத்து எல்லாம் டிக்கெட்டில் அடக்கம்" என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். கடைசி நாள் கணக்கைப் பார்த்தபோதுதான் 'சிப்பந்திகள் இனாம்' என்று ஒரு வரி அடங்காமல் வெளியே நிற்பது தெரிந்தது.

நாம் போன கப்பலின் பெயர் இங்கே அவசியமில்லை, வழக்கம் பொதுவானது. தொகைக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால், அமெரிக்காவின் ராயல் கரீபியன் கம்பெனி சாதாரண அறைப் பிரயாணிக்கு நாளொன்றுக்கு 18 டாலர் 50 சென்ட் என்று நிர்ணயித்தது. குழந்தையும் ஓர் ஆள்தான். நாலு பேர் மூன்று நாள் போனால் 222 டாலர். பானம் வாங்கினால் அதன் விலைமேல் நூற்றுக்கு 18 தனி. அறை கூட்டுகிறவர், பரிமாறுகிறவர், நம் கண்ணில் படாமலே வேலை செய்கிற சிலர் ஆகியோருக்கு இது பங்காகிறது. ஒரு சூட்சுமமும் உண்டு. பல கப்பல்களில் வரவேற்பு மேஜைக்குச் சென்று கேட்டால் இதைக் குறைப்பார்கள், அடித்தும் விடுவார்கள். இனாம் என்று பெயர் வைத்துவிட்டபடியால் வேறு வழி இல்லை போலும்!

இந்தச் சூட்சுமம் மாமாவின் காதில் விழுந்துவிட்டது. "ஏம் மாப்பிள்ளை, கேட்டா அடிச்சிருவாங்கன்னா எதுக்குக் கொடுக்கோணும்?" என்று புறப்பட்டுவிட்டார்.

மாமாவின் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. நம் நாட்டு ஓட்டல்களில் பில்லோடு சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் விதி செய்தது. ஓட்டல்காரர்களின் சங்கங்கள் வழக்காடின. 2025 மார்ச் 28-ல் டில்லி ஹைக்கோர்ட்டு அந்த விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கரையில் 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து புகார் சொல்லலாம். கடலிலோ கப்பல் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற தேசங்களின் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு போகிறது. டிக்கெட்டின் பொடி எழுத்தே அங்கே சட்டம்.

நாம் மாமாவைத் தடுக்கவில்லை. அறைக்குத் துவாலை கொண்டுவந்த இளைஞரைச் சற்றே நிறுத்திப் பேச்சுக் கொடுத்தோம். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. "ஆறு மாசம் ஆச்சு ஐயா, கப்பல் ஏறி. ஞாயிற்றுக்கிழமைன்னு ஒண்ணு இங்கே கிடையாது" என்றார். பொய்யில்லை. 2013-ல் அமலுக்கு வந்த சர்வதேசக் கடல் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு தர வேண்டும் என்கிறது. அதாவது மீதி 14 மணியும் வேலை வாங்க இடமுண்டு. 2015-ல் இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. சம்பளம் எவ்வளவு, இனாம் எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இனாமை நம்பித்தான் பலர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் பூர்வோத்தரம் அவ்வளவு அழகானதல்ல. அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்த பின் புல்மன் கம்பெனி தன் ரயில் படுக்கை வண்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பர்களைச் சிப்பந்திகளாக அமர்த்தியது. சம்பளம் சொற்பம், மீதியைப் பிரயாணியின் தயவு பார்த்துக்கொள்ளும். எல்லோரையும் முதலாளியின் பெயரால் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர்கூட இல்லாத தொழிலாளி! 1925-ல் பிலிப் ராண்டால்ஃபின் தலைமையில் சங்கம் கண்டு, 1937-ல்தான் கம்பெனியிடம் முறையான ஒப்பந்தம் பெற்றார்கள்.

நம் ஊரில் தீபாவளிப் போனஸும் ஒரு காலத்தில் முதலாளி மனம் குளிர்ந்து கொடுப்பதாகத்தானே இருந்தது? 1965-ஆம் வருஷத்துச் சட்டம் குறைந்த அளவு ஒன்றை எழுதி வைத்தது, பின்னர் அது நூற்றுக்கு 8.33 என்று உயர்ந்தது. கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அதன் பிறகு கை நீட்டி வாங்குகிறவர் தலை குனிய வேண்டியதில்லை. கப்பற் கம்பெனிகளும் இந்தத் தொகையை டிக்கெட்டிலேயே சேர்த்துச் சம்பளமாகக் கொடுத்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? இங்கிலாந்தின் பி அண்டு ஓ கம்பெனி 2019-ல் தனி இனாமை எடுத்துவிட்டுக் கட்டணத்திலேயே அடக்கியது. அதன் கப்பல்கள் மூழ்கிவிடவில்லை.

மாமாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. அவர் கூலிக்கு எட்டுத் தறி ஓட்டுகிறவர். பேசி முடித்த கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறியை நிறுத்தியவர்களில் ஒருவர். "மாமா, அன்றைக்கு உங்கள் மீட்டர்க் கூலியை ஒருவர் மேஜைக்குப் போய் அடித்துவிட்டு வந்திருந்தால்?" என்று மாத்திரம் கேட்டோம்.

மாமா பதில் சொல்லவில்லை. கணக்கை அடிக்கவும் இல்லை. பெட்டியைத் திறந்து, உறவினருக்கென்று திருப்பூரிலிருந்து கொண்டுவந்ததில் மிஞ்சிய பனியன் பொட்டலத்தை எடுத்து அந்த இளைஞரின் கையில் வைத்தார். "இதுதான் தம்பி இனாம். கணக்கிலே எழுதினது உன் கூலி" என்றார்.

இப்போது ஊரில் யார் கப்பலுக்குப் புறப்பட்டாலும் மாமா வீட்டுக்குத்தான் முதலில் வருகிறார்கள். ஏஜெண்டிடம் முன்பணம் கட்டுமுன் "சிப்பந்திக் கூலி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார்.