நடந்து போகிற மாதா

மங்காஃபில் குடியிருக்கும் எங்களுக்குப் பூசை பக்கத்து அகமதியில். குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் எங்கள் ஞாயிறு. எண்ணெய்க் கம்பெனி அங்கே ஊரை அமைத்தபோது, 1950களில் எழுந்த அரேபிய மாதா கோயில் அது. 2025இல் பசிலிக்கா தகுதியும் கிடைத்துவிட்டது. அங்கும் சரி, வேளாங்கண்ணியிலும் சரி, மாதா உயரத்தில்தான் நிற்பாள். கிரீடம், கையில் பாலன். அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள் நாம்.

இந்தப் பழக்கத்தோடுதான் லண்டன் வாட்டர்லூவில் ரயிலேறி, ஒன்றரை மணி நேரத்தில் சாலிஸ்பரியில் இறங்கினேன். 1220இல் அடிக்கல் போட்ட பேராலயம். கோபுரம் 123 மீட்டர், இங்கிலாந்திலேயே உயரமானது. வந்தவர்கள் எல்லோரும் போனை மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். என்னை நிறுத்தியது கீழே, புல்தரையில் இருந்த ஒரு வெண்கலப் பெண். பெண் சிற்பி எலிசபெத் ஃப்ரிங்க் 1981இல் செய்த ‘நடக்கும் மடோனா’.

பீடம் கிடையாது. கிரீடமும் குழந்தையும் கிடையாது. ஒடுங்கிய கன்னம், உடம்போடு ஒட்டிய உடை, இளமை எப்போதோ கடந்த முகம். கோயிலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து எட்டு வைக்கிறாள். நம் சுரூபங்களில் மாதா பாலனை ஏந்தியிருப்பாள், அல்லது மகனின் உடலை மடியில் கிடத்தியிருப்பாள். அடக்கம் முடிந்த பிறகும் அவளுக்கு விடிந்திருக்குமே, வேலை இருந்திருக்குமே! அந்தப் பிந்தைய நாட்களைத்தான் ஃப்ரிங்க் பிடித்திருக்கிறார். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்து, மங்காஃபில் விடியுமுன்பே பஸ்ஸுக்கு விரைகிற வீட்டு வேலைப் பெண்களின் நடை இது. மாதாவை இப்படிக் காட்டினால் பக்தி குறைந்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்குக் கூடியது.

பெண் சிற்பிகளுக்கு இந்த வளாகம் புதிதல்ல. 2016இல் சோஃபி ரைடர் செய்த பிரம்மாண்டமான கைகள் இங்கே பாதைமேல் வளைந்து நின்றன. போனைப் பார்த்தபடி வந்தவர்கள் தலையை இடித்துக்கொள்ள, சிற்பத்தை நகர்த்த வேண்டியதாயிற்று. (மனிதர்களை நகர்த்துவதைவிட அது சுலபம்!)

ஃப்ரிங்கின் கடைசிப் பெரிய வேலையும் ஒரு கோயிலுக்குத்தான்: லிவர்பூல் பேராலய வாசலுக்கு மேலே நிற்கும் கிறிஸ்து. 1993 ஈஸ்டரில் திறந்தார்கள். அடுத்த வாரமே ஃப்ரிங்க் காலமானார்.

நம் மறைமாவட்டங்களில் ஆண்டுதோறும் புதுக் கோயில்கள் எழுகின்றன, புதுச் சுரூபங்கள் மந்திரிக்கப்படுகின்றன. பங்குத்தந்தையரே, அடுத்த மாதாவை ஒரு பெண் சிற்பியிடம் செய்யச் சொல்லிப் பாருங்கள்.