போலக்கைச் சுற்றிய கேமரா

ஜாக்சன் போலக்கின் ஓவியங்களைவிட, அவர் வரையும்போது ஹான்ஸ் நமுத் எடுத்த புகைப்படங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 1950 கோடை, லாங் ஐலண்டில் ஒரு பழைய கொட்டகை. தரையில் விரித்த கேன்வாஸைச் சுற்றிச் சுற்றி வந்து, குச்சியால் பெயின்டைச் சொட்டவிடுகிறார் மனிதர். கை பல படங்களில் கலங்கித்தான் தெரியும். ஒரு ஓரத்தில் மனைவி லீ கிராஸ்னர் உட்கார்ந்திருக்கிறார். (அவரும் பெரிய ஓவியர். இந்தப் படங்களில் வெறும் பார்வையாளராகிப்போனது எனக்கு உறுத்தல்.)

நமுத்தின் ஆவணங்கள் இப்போது அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பெப்பே கார்மெல் என்ற ஆய்வாளர் இந்தப் படங்களைக் கணினியில் பொருத்தி, எந்தக் கோட்டின்மேல் எந்தக் கோடு விழுந்தது என்று அடுக்கடுக்காகப் பிரித்தார். சில ஓவியங்களின் அடியில் மனித உருவங்கள் போலச் சில இருந்தன என்பது அவர் வாதம். போலக்கின் ஓவியங்கள் முழு அரூபம் என்று நம்பியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

நமுத் திரைப்படமும் எடுத்தார். போலக் கண்ணாடிமேல் வரைய, கீழிருந்து கேமரா பார்த்தது. படப்பிடிப்பு முடிந்த அன்றே போலக், சுமார் இரண்டு வருடம் விட்டிருந்த குடியை மறுபடி தொட்டார். பழியைக் கேமராமேல் போட எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்தப் படத்தில் அவர் வரைவதைவிட, வரைவதுபோல் நடிப்பதே தெரிகிறது.