அப்பா சொன்ன எட்டுச் சக்கர வண்டி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் எப்போதும்வென்றான். பேரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மழை ஏமாற்றினால் பருத்தியும் போய், உளுந்தும் போய், வெறுங்கையோடு நிற்கும் கரிசல்காட்டுக்கு இப்படி ஒரு பேர். இங்கிருந்து 1940-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர் என் அப்பா. லாரி டிரைவர். எகிப்து, லிபியா பாலைவனத்தில் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஏர் பிடித்தார்.

சண்டையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"ஏலே, ஜெர்மன்காரன்கிட்ட எட்டுச் சக்கர வண்டி ஒண்ணு உண்டு. முன்னாடி ஒரு டிரைவர், பின்னாடி ஒரு டிரைவர். ஆபத்துன்னா வண்டியத் திருப்பவே மாட்டான். பின்னாடி இருக்கிறவன் ஓட்டிக்கிட்டுப் போயிருவான். வந்த வேகத்துலயே போகும்."

சின்ன வயதில் வாயைப் பிளந்து கேட்டேன். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போனதும் நான் பெரிய அறிவாளி ஆகிவிட்டேன். ஒருநாள் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் முன்னால் அப்பா அதைச் சொன்னபோது, "எந்த வண்டிக்காவது ரெண்டு ஸ்டியரிங் இருக்குமாப்பா? கதை விடாதீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "வாத்தியார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 1991-இல் காலமானார்.

சென்ற மாதம் குடும்பத்தோடு ஷீரடி போனோம். வழியில் அகமத்நகர், இப்போது அகில்யாநகர் என்கிறார்கள். அங்கே ராணுவத்தின் கவசப்படைப் பயிற்சி மையம் 1994-இல் தொடங்கிய டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. பேரனுக்காகத்தான் உள்ளே போனேன். நம் ஆவடியில் செய்த விஜயந்தா, பாகிஸ்தானிடமிருந்து பிடித்த பேட்டன் என்று பார்த்துக்கொண்டே வந்தவன், ஒரு ஜெர்மன் கவச வண்டி முன்னால் நின்றுவிட்டேன். சக்கரங்களை எண்ணினேன். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு.

குனிந்து பார்த்தேன். இரும்புத் தகட்டில் குண்டு பட்ட தழும்புகள். ஈரக் கரிசலில் ஆட்டுக் குளம்பு பதிந்தது போல.

பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரிடம் மருமகன் இந்தியில் விசாரித்தார். அவர் சொன்னது: இது உளவு பார்க்கும் வண்டி. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொல்வதுதான் வேலை, நின்று சண்டை போடுவதல்ல. உள்ளே நாலு பேர். எட்டுச் சக்கரமும் எஞ்சின் விசையில் சுழலும், எட்டும் திரும்பும். ரோம்மலின் படை வட ஆப்பிரிக்காவில் இதை ஓட்டியது. முன்னால் ஒரு ஸ்டியரிங், பின்னால் ஒரு ஸ்டியரிங். முன்பக்கம் ஆறு கியர் என்றால் பின்பக்கமும் ஆறு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா சொன்னது உண்மை என்பதற்காக மட்டும் இல்லை. அந்த வண்டி அப்படியே பின்னால் பாய்ந்து போவது தெரியவேண்டுமானால், குண்டு எட்டும் தூரத்தில் இருந்து பார்த்திருக்கவேண்டும். அந்தக் கவசத்திலேயே இத்தனை தழும்பு. அப்பா உட்கார்ந்திருந்த லாரிக்கோ கவசமே கிடையாது. எந்த இடம், கூட யார் இருந்தார்கள், அவர்கள் ஊர் திரும்பினார்களா, ஒன்றுமே நான் கேட்கவில்லை. திருத்த மட்டும் தெரிந்தது.

நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் உலகப் போரை எத்தனை வருடம் நடத்தினேன்! 1939, 1945, ஹிட்லர், சர்ச்சில். அந்தப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள், அதில் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார் என்று ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் நம்ப முடியாத கதை சொன்னால் உடனே திருத்தாதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள்.

கிளம்பும்போது பேரன், "யார்கிட்ட தாத்தா பேசுறீங்க?" என்றான். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது: "ரெண்டு ஸ்டியரிங் இருக்குப்பா."