பெட்டியை இறக்குமுன்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதை ஓட்டும் நேரத்தைவிட அதைப் பற்றி எண்ணும் நேரமே மிகுதி. எங்கள் வீட்டில் 1977-ஆம் ஆண்டைச் சேர்ந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்று இருக்கிறது. துணிக்கூரையை மடித்துவிட்டு இருவர் மட்டும் அமர்ந்து செல்லக்கூடிய சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார். நாங்கள் வாழும் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், கேன்லி என்னும் பகுதியிலிருந்த ஆலையில் அது உருவாயிற்று. 1962 முதல் 1980 வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் செய்யப்பட்டன.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இவ்வண்டி முற்றிலும் அந்நியமானதன்று. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்டு வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஹெரால்டு வகையின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உடலை ஏற்றியதே ஸ்பிட்ஃபயர். மதுரையில் என் தந்தையார் வைத்திருந்த ஹெரால்டின் பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின்மேல் அமர்ந்தபடியே அவர் எஞ்சினைப் பார்ப்பார். இதிலும் அப்படியே. என் மனைவி "இது உங்கள் அப்பாவின் வண்டிக்குத் தம்பி" என்று கேலி செய்வதில் உண்மை இல்லாமலில்லை.

சென்ற ஆண்டின் இறுதியில், மேட்டில் ஏறும்போது எஞ்சினின் இரைச்சல் உயர்ந்தது, வேகமோ உயரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. பெடலை மிதிக்கும்போது கீச்சென்ற ஓசையும் சேர்ந்துகொண்டது. அது ரிலீஸ் பேரிங் தேய்ந்ததன் குரல். அருகிலுள்ள பட்டறையொன்றில் விசாரித்தேன். சொன்ன தொகையில் முக்கால் பங்கு கூலியாகவே இருந்தது. அத்தொகையைக் கேட்டதும், வண்டியை விற்றுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. மகன் செப்டம்பரில் பல்கலைக்கழகம் செல்லவிருக்கிறான், செலவுகள் காத்திருக்கின்றன.

"அப்பா, நான் போவதற்குள் நாமே செய்துவிடலாமே" என்றான் அவன். என் மனைவி ஒரு தொகையைச் சொல்லி, "இதற்குள் முடியுமென்றால் செய்யுங்கள், எஞ்சினுக்கே கேடு என்றால் விற்றுவிடுவோம்" என்றாள். ஆகவே, கருவிப் பெட்டியைத் தொடுமுன் தாளும் எழுதுகோலும் கையில் எடுத்தோம்.

முதல் கேள்வி, குறை உண்மையிலேயே கிளட்சில்தானா என்பது. கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தமிட்டு, ரிவர்ஸ் கியர் விழ மறுத்தால், பெரும்பாலும் கிளட்ச் தகட்டின்மேல் குற்றமில்லை. மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசிந்திருக்கலாம். பெடலை இணைக்கும் சிறு பின் தேய்ந்து, மிதிப்பின் பாதி வீணாகியிருக்கலாம். சில பென்ஸ் காசுக்குக் கிடைக்கும் பின்னை மாற்ற வேண்டிய இடத்தில் கியர்பாக்ஸையே இறக்கியவர்கள் உண்டு. எங்கள் வண்டியிலோ வழுக்கலும் கீச்சொலியும் சேர்ந்தே இருந்தன. கியர்பாக்ஸை இறக்காமல் தீராது.

இரண்டாவது கேள்வியே எங்களை உறங்கவிடாதது. இந்த எஞ்சினுக்கு ஒரு பிறவிக்குறை உண்டு. பெடலை மிதிக்குந்தோறும் அந்த விசை கிராங்க் தண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளலைத் தாங்குபவை, கடைசி மெயின் பேரிங்கின் இரு பக்கமும் உள்ள பிறைநிலா வடிவான த்ரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் நழுவிக் கீழே எண்ணெய்த் தொட்டியில், அதாவது சம்பில், விழுந்துவிடும். அதன்பின் சுழலும் தண்டு எஞ்சினின் உடலையே அராவத் தொடங்கும். எஞ்சின் பாழ். போக்குவரத்து விளக்கில் பெடலை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் இதை விரைவுபடுத்துகிறது. நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுவதே இவ்வண்டிக்கு நல்லது. ஏனைய வண்டிகளுக்கும் கெடுதலில்லை.

இதைச் சோதிக்க எதையும் கழற்ற வேண்டுவதில்லை. ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் எஞ்சினின் முன்புறமுள்ள பெல்ட் சக்கரத்தைப் பார்த்தால் போதும். அச்சக்கரம் கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் ஆபத்து. என் மனைவி உள்ளே அமர்ந்து மிதித்தாள். மகன் டார்ச் விளக்குடன் குனிந்திருந்தான். "அசையுது, அப்பா!" என்றான். அளவுக் கருவியை வைத்துப் பார்த்தோம். நூலில் உள்ள எல்லையைத் தாண்டியிருந்தது. ஆயினும் வாஷர்கள் விழுந்துவிடவில்லை. எஞ்சின் தப்பியது. பட்டறையில் சொன்னபடி கிளட்சை மட்டும் மாற்றி ஓட்டியிருந்தால், புதிய கிளட்சின் முழு அழுத்தமும் அந்த மெலிந்த வாஷர்களின்மேல்தான் இறங்கியிருக்கும்.

ஆகவே திட்டத்தின் வரிசை மாறியது. முதலில் எண்ணெயை வடித்து, சம்பைக் கழற்றி, பின் மெயின் பேரிங்கின் மூடியை இறக்கி, புதிய வாஷர்களைச் சுழற்றி நுழைப்பது. எஞ்சின் வண்டியிலேயே இருக்கும். கியர்பாக்ஸும் அதுவரை தன் இடத்திலேயே இருந்தால், பெடலை மிதித்து மீண்டும் சோதித்துக்கொள்ளலாம். இது சரியான பின்னரே கிளட்சுக்குப் பணம்.

ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸைக் கீழே இறக்குவதில்லை. இருக்கைகளை எடுத்து, நடுவிலுள்ள மேல்மூடியைக் கழற்றி, வண்டிக்குள்ளேயே பின்னிழுத்துத் தூக்குகிறார்கள். வீட்டுக்குள் அலமாரியை நகர்த்துவது போன்ற வேலை. முதற்கண் பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பின்னச்சுக்குச் செல்லும் தண்டைக் கழற்றுமுன் இரு பக்கமும் ஒரே கோடாகக் குறியிட வேண்டும். மீண்டும் ஏற்றும்போது பெட்டியின் பாரம் கிளட்ச் தகட்டில் தொங்காதபடி இருவர் தாங்க வேண்டும். தகட்டை நடுவில் நிறுத்த, சரியான பருமனுக்கு நாடா சுற்றிய மரக்கோல் ஒன்றே போதும் என்கிறார்கள். நான் கருவியை வாங்கிவிட்டேன். மலிவானது.

கிளட்ச் தகடு, அழுத்தத் தகடு, ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரு தொகுதியாகவே விற்கப்படும். 1493 கன செ.மீ. எஞ்சினுக்கு 7¼ அங்குலத் தகடு. அதற்கு முந்தைய 1296-க்கு 6½. பழைய வண்டிகளில் யார் எதை மாற்றினார்களோ! எஞ்சின் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பெட்டி வெளியே வந்தபின் "இதையும் செய்துவிடலாமே" என்னும் ஆசை கிளம்பும். அதற்கு முன்கூட்டியே வரம்பு கட்டினோம். கிராங்க் தண்டின் பின்புற ஆயில் சீலை மாற்றுவோம். அது கசிந்தால் புதிய தகடும் எண்ணெயில் நனைந்து வழுக்கும். தண்டின் முனையிலுள்ள சிறு புஷ்ஷை எண்ணெயில் ஊறவைத்துப் புதிதாய் இடுவோம். ஃபிளைவீலில் கீறல் இருந்தால் கடைசலுக்கு அனுப்புவோம். குளிர்காலைகளில் இரண்டாம் கியர் சற்று முரண்டு பிடிக்கிறது. அதற்காகக் கியர்பாக்ஸைப் பிரிக்கப் போவதில்லை. மகனுக்கு இதில் மனத்தாங்கல்தான். பிரித்தால் தொகையும் செப்டம்பரும் இரண்டுமே தாண்டிவிடும்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. அக்காலத்துக் கிளட்ச் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பிரிட்டனில் அதன் பயன்பாடு 1999-இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. எங்கள் வண்டியில் இருக்கும் தகடு எக்காலத்ததோ அறிய வழியில்லை. அத்தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையிலிட்டுக் கட்டிவிட வேண்டும். நல்ல முகமூடி இரண்டு வாங்கியாயிற்று.

வேலை வரும் சனிக்கிழமை தொடங்குகிறது. எல்லாம் ஏற்றியபின், பிரேக் எண்ணெயிலுள்ள காற்றை வெளியேற்றி, நான்கு கியர்களையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்த்து, கசிவில்லை என்று உறுதியான பின்னரே மேல்மூடியையும் இருக்கைகளையும் பொருத்துவோம். அதுவரை இரண்டு இருக்கைகளும் வீட்டுக் கூடத்திலேயே கிடக்கட்டும் என்று என் மனைவி இசைந்திருக்கிறாள். கீழே பழைய செய்தித்தாள் விரிக்க வேண்டுமாம்.