மஞ்சள் பனியன் கைமாறிய கதை

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளி அடிவாரத்தில் ஏறினால் மேலே போய்ச் சேருவதற்குள் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கே வயிற்றைப் புரட்டும். அந்த மலையைச் சைக்கிளில் ஏறுவதற்கென்றே இப்போது ஆட்கள் வருகிறார்கள். ஞாயிறு விடியற்காலையில் எங்கள் புதுச்சத்திரம் டீக்கடையில் நாலைந்து பேர் நிற்பார்கள். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை, முதுகுப்பக்கம் மூன்று பை. கடைக்காரர், "சர்க்கஸ் கம்பெனி வந்திருச்சுங்க" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

எனக்கு அந்த உடுப்பு புதிதல்ல. பதின்மூன்று வயதிலேயே படத்தில் பார்த்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது தெரியும். பிரெஞ்சுப் பத்திரிகைகள் கப்பலில் வந்து, எங்கள் கைக்குக் கிடைக்கும்போது செய்தி பழசாகியிருக்கும். எங்களுக்கு அது புதுசுதான். அப்படி வந்த ஒன்றில் 1964 தூர் த பிரான்ஸ் பந்தயப் படம் இருந்தது. புய் த தோம் என்ற மலை. ழாக் ஆங்க்தீலும் ரேமோன் பூலிதோரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஏறுகிறார்கள். ஆங்க்தீல் மேல் மஞ்சள் பனியன். அன்று பூலிதோர் அவரை முந்தினார். ஆனாலும் பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது 55 விநாடி வித்தியாசத்தில் ஐந்தாம் முறையாகக் கோப்பை ஆங்க்தீலுக்குத்தான்.

அந்த மஞ்சள் வந்த விதம் வேடிக்கையானது. பந்தயத்தை நடத்திய லோத்தோ பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாகும். முதலில் இருப்பவரைக் கூட்டத்தில் அடையாளம் காண வேண்டும் என்று 1919-ல் அதே நிறத்தில் ஒரு பனியன் கொடுத்தார்கள். முதலில் அணிந்தவர் எழேன் கிறிஸ்தோஃப். வழியில் நின்றவர்கள் அவரைக் கானரிக் குருவி என்று கேலி செய்தார்களாம். நம்ம டீக்கடைக்காரருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பிரான்சில் சொந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்!

அந்தக் காலத்துப் பனியன் கம்பளி. வெயிலில் வேர்வையைக் குடிக்கும், மழையில் நனைந்தால் கனத்துத் தொங்கும். கால்சட்டைக்குள் உட்காருமிடத்தில் மான்தோல் மாதிரி மெல்லிய தோல் வைத்துத் தைப்பார்கள். துவைத்துக் காயப்போட்டால் அது அப்பளமாக விறைத்துவிடும். களிம்பு பூசி மெதுவாக்கித்தான் மறுநாள் போடுவார்கள். போருக்குப் பிறகு ஒருமுறை செயற்கை நூல் கலந்த மஞ்சள் பனியனைக் கொடுத்தபோது, லூயிசோன் போபே அதைப் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பளியில் வேறு தைக்க வேண்டி வந்தது. சைக்கிள்காரன் சொன்னால் தையல்காரன் கேட்ட காலம் அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு என் தங்கையின் பேரன் பெங்களூரிலிருந்து வந்தான். கொல்லிமலை ஏற வேண்டும் என்று சைக்கிளையும் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தான். சட்டையைக் காட்டினான். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்றாம். 1974-ல் நான் எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 260 ரூபாய். மனசு தானாகவே கணக்குப் போட்டுப் பார்த்தது. கிட்டத்தட்ட ஐந்து வருஷச் சம்பளம்!

சட்டையில் ராஃபா என்று எழுதியிருந்தது. "இது பிரெஞ்சுப் பேராச்சே" என்றேன். "இல்ல தாத்தா, லண்டன் கம்பெனி" என்றான்.

கம்பெனி லண்டன்தான். பெயர் மட்டும் பழைய பிரெஞ்சு அணியுடையது. சேன் ரஃபாயேல் என்பது சாப்பாட்டுக்கு முன் குடிக்கிற ஒரு மது. 1950களில் சைக்கிள் தொழிலோடு சம்பந்தமில்லாத கம்பெனி அணிக்குப் பெயர் கொடுக்கக் கூடாது என்று விதி. ரஃபாயேல் ழெமினியானி என்ற வீரர், "இது மதுவின் பெயர் இல்லை, என் பெயர்" என்று சொல்லி அதிகாரிகளைச் சமாளித்தார். அந்த அணியில்தான் பிற்பாடு ஆங்க்தீல் ஓட்டினார். அதன் சுருக்கப் பெயர்தான் ராஃபா. 2004-ல் சைமன் மோட்ரம் என்ற ஆங்கிலேயர் லண்டனில் அதைத் தன் கடைக்கு எடுத்துக்கொண்டார்.

அவர் செய்தது கெட்டிக்காரத்தனம். மற்றக் கம்பெனிச் சட்டைகளெல்லாம் விளம்பரப் பலகை மாதிரி இருந்தபோது, இவர் கறுப்புச் சட்டை, கையில் ஒரு வெள்ளைப் பட்டை, மெரினோ கம்பளி கலந்த துணி என்று அடக்கமாகப் போட்டார். அவரே சைக்கிள் பித்துப் பிடித்தவர். தான் போட நினைத்ததைத் தைக்கச் சொன்னார். விலை அதிகம், ஆனாலும் ஆட்கள் தேடி வந்தார்கள். 2013 முதல் 2016 வரை ஸ்கை அணிக்கே உடுப்பு கொடுத்தார்கள். 2017-ல் வால்மார்ட் குடும்பத்துப் பேரன்கள் இருவரின் முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. 20 கோடி பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. 2021-ல் மோட்ரம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அடக்கமான கறுப்பு போய், 2020 இத்தாலியப் பந்தயத்தில் ராஃபா உடுத்திய அணி வாத்துப் படம் போட்ட கலர் கலரான உடுப்பில் வந்தது. வரவு செலவுக் கணக்கில் வருஷா வருஷம் நஷ்டம்.

இது ராஃபாவுக்கு மட்டும் நடந்ததல்ல. இத்தாலியின் கஸ்தெல்லிக்கு மூலம் 1876-ல் மிலான் நகரத் தையல்காரர் ஒருவர். பாலே நடனக்காரர்களுக்கு உடுப்புத் தைத்தவர். உடம்பு வளைகிற பக்கமெல்லாம் துணியும் வளைய வேண்டும் என்று தெரிந்தவர். அவரிடம் வேலை பார்த்த அர்மாந்தோ கஸ்தெல்லி 1939-ல் கடையை வாங்கினார். மகன் மவுரித்சியோ 1974-ல் சொந்தப் பெயரில் தொடங்கினார். 1970களின் இரண்டாம் பாதியில் அவரும் சுவிட்சர்லாந்தின் அஸ்ஸோஸ் கம்பெனிக்காரரும்தான் லைக்ரா கால்சட்டையைக் கொண்டுவந்து கம்பளிக்கு விடை கொடுத்தார்கள். மவுரித்சியோ 1995-ல் சைக்கிள் ஓட்டும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கம்பெனி வேறு குடும்பத்தின் கைக்குப் போனது.

என் மனசுக்கு நெருக்கமானது லெ கோக் ஸ்போர்த்தீஃப், அதாவது சேவல் சின்னம். ரொமியி என்ற சின்ன ஊரில் 1882-ல் எமில் கமுசே தொடங்கிய பின்னலாடைக் கடை அது. பக்கத்தில் த்ருவா நகரம். அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பனியன், காலுறைப் பட்டறைகள். சுருக்கமாகச் சொன்னால் பிரான்சின் திருப்பூர். 1951 முதல் மஞ்சள் பனியன் அங்கிருந்துதான் போனது. 1970களில் சேவல் ஜெர்மனியின் அடிடாஸ் கைக்கு மாறியது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் ரொமியியில் தையல் மெஷின்கள் நின்றன. பெயர் மட்டும் ஊர் ஊராக விலைபோனது.

பிறகு புது முதலாளிகள் ரொமியிக்கே திரும்பி வந்தார்கள். 2012 முதல் 2021 வரை மஞ்சள் பனியன் மறுபடி சேவலுக்கு. அதன் பின் இத்தாலியின் சாந்தீனிக்குப் போய்விட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரெஞ்சு வீரர்களுக்கு உடுப்புக் கொடுத்ததும் சேவல்தான். அதே நவம்பரில் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. 2025 ஜூலையில் நீதிமன்றம் வேறொருவரிடம் ஒப்படைத்தது. எத்தனை கை!

இதையெல்லாம் பேரனிடம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். பத்து வருஷமாகத் திருப்பூரில் டெய்லர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் அவள் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, வாரத்தில் மூன்று நாள் வேலை என்றாகி, வாடகை கட்டி மாளாமல் ஊருக்கு வந்திருந்தாள். சட்டையைக் கையில் வாங்கினாள். முன்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. உள்பக்கமாகப் புரட்டி நகத்தால் தையலை நெருடினாள்.

"ஏனுங்கய்யா, துணி நம்ம காட்டன் இல்லீங்க. பாலியெஸ்டருங்க. தையல் நாங்க போடற பேட்லாக்தான். இதப் போட்டவ நல்ல கைகாரிங்க, ஒரு எடத்துலயும் துருத்தல பாருங்க."

"முன்பக்கம் குட்டையா இருக்கே, அளவு தப்பா தெச்சுட்டாங்களா?" என்று கேட்டேன்.

அவள் பேரனைச் சைக்கிள் மேல் ஏறி உட்காரச் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நிற்கும்போது சுருங்கித் தெரிந்த முன்பக்கம் குனிந்ததும் படிந்து உட்கார்ந்தது. முதுகுப்பக்கம் இடுப்பை மூடியது. "நிக்கற ஆளுக்கு வெட்டலீங்க, குனியற ஆளுக்கு வெட்டியிருக்காங்க" என்றாள். அவன் கை மட்டும் தோள்பட்டையில் பிடிக்கிறது என்றான். வெள்ளைக்காரன் தோள் அளவு நமக்கு எங்கே சரியாக வரும்? சோப்புத் துண்டால் கோடு போட்டாள். சாயங்காலத்துக்குள் தன் வீட்டு மெஷினில் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். பேரன் மறுநாள் மலை ஏறி வந்து, வாங்கியதிலிருந்து இப்போதுதான் சட்டை சரியாக இருக்கிறது என்றான். அவளுக்கு ஐந்நூறு ரூபாய் நீட்டினான். அவள் ஐம்பது மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"இந்த மடிப்பு முழுக்க அடிக்க எங்களுக்கு எத்தன பைசா வரும் தெரியுங்களா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை.

எனக்கு அன்று ஒன்று புரிந்தது. இந்தக் கம்பெனிகள் எல்லாம் பிறந்தது ஓட்டுகிறவனும் தைக்கிறவனும் பக்கத்தில் இருந்தபோது. குனிந்து காட்ட ஒருவன், பார்த்துக் கோடு போட ஒருத்தி. துணி மாறலாம், நிறம் மாறலாம், அதில் ஒன்றும் குற்றமில்லை. கம்பளியிலேயே நின்றிருந்தால் இன்றைக்கும் மழையில் கனத்திருக்கும். இருவரும் தூரமாகிப் பெயர் மட்டும் சந்தைக்கு வரும்போதுதான், அடுத்து வாங்குகிறவருக்கு அது வெறும் பத்திரமாகிவிடுகிறது.

இப்போது ஓட்டுகிறவன் எங்கள் டீக்கடை வாசலில் நிற்கிறான். தைக்கிறவள் மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில் திருப்பூரில் இருக்கிறாள். 1970களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் பனியன் தேடி அங்கே வந்ததிலிருந்து நாம் ஊரார் பெயருக்கே தைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வரி போட்டால் மெஷின் நின்றுவிடுகிறது. திருப்பூர் பெரும்பாலும் பருத்தி ஊர். இந்த உடுப்புக்கோ செயற்கை நூல் வேண்டும். அதற்கு மெஷினும் மூலதனமும் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அங்கே சிலர் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியும் இருக்கிறார்கள். துணி வரட்டும். வெட்டத் தெரிந்த கை ஏற்கெனவே இருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு அவள் திருப்பூருக்குத் திரும்பிப் போய்விட்டாள். வாரத்தில் ஐந்து நாள் வேலை இருக்கிறதாம். பேரன் அவள் நம்பரை என்னிடம் வாங்கிக்கொண்டான். அவனோடு ஓட்டுகிற ஆறு பேருக்கும் தோள்பட்டை பிடிக்கிறதாம்.