விஜயந்தாவுக்கு ஆறு சக்கரம்

வீட்டுல ஒரு பத்தாங்கிளாஸ் பையனும் ஒரு பாட்டில் பிளாஸ்டிக் பசையும் இருந்தா போதும் மக்களே, பர்ஸுல ஓட்டை விழ வேற காரணமே வேணாம். என் சீமந்த புத்திரனுக்கு ரெண்டு வருஷமா டாங்க் மாடல் பைத்தியம். "கார் செய்யற ஊர்ல உக்காந்துக்கிட்டு டாங்க் எதுக்குடா?"ன்னு கேட்டேன். "அப்பா, இதோ இங்க பக்கத்துல வாரன்லதான் ரெண்டாம் உலகப் போர்ல கிரைஸ்லர் ஷெர்மன் டாங்க் செஞ்சுது"ன்னு எனக்கே டெட்ராய்ட் வரலாறு சொல்றான். இத்தனை வருஷமா அந்த வழியா ஆபீஸ் போறேன், எனக்குத் தெரியாது.

ஆபீஸ்ல நான் புடுங்கற ஆணியும் இது சம்பந்தப்பட்டதுதான். ஒரு பார்ட்டுல எதைச் சேர்த்தா விலை ஏறும், எதை எடுத்தா வாங்கறவர் கவனிக்க மாட்டார்னு கணக்குப் போடற வேலை. அதனால வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு டப்பாவையும் அந்தக் கண்ணோடவே பார்க்கத் தோணும். தங்கமணி இதுக்கு "வியாதி"ன்னு பேர் வெச்சிருக்காங்க.

இந்த உலகம் தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி கிளாஸ். டாங்க் மாடல்ல பிரபலமான அளவு 1/35. ஏன் முப்பத்தஞ்சு? 1960களோட ஆரம்பத்துல ஜப்பான்ல டாமியா கம்பெனி ஜெர்மனியோட பாந்தர் டாங்கை மோட்டார்ல ஓடற மாதிரி செஞ்சாங்க. உள்ளே பேட்டரி வைக்க இடம் வேணுமேன்னு ஒரு சைஸ் புடிச்சாங்க. பின்னால அளந்து பார்த்தா அது சுமாரா முப்பத்தஞ்சுல ஒரு பங்கு. அதுவே உலகத்துக்கெல்லாம் அளவாயிடுச்சு. பேட்டரி போட்ட கணக்கு :)

அந்தக் காலத்துல ட்ராக்னா வளையற ஒரே பட்டை. இப்ப ஒவ்வொரு கண்ணியும் தனி, ஒரு பக்கத்துக்கே தொண்ணூறு நூறு வரும். பித்தளைத் தகட்டை அமிலத்துல அரிச்சு எடுத்த வலை, கடைசல் புடிச்ச அலுமினியக் குழாய், முப்பரிமாண அச்சுல எடுத்த துணுக்கு எல்லாம் தனித்தனியா விக்கறாங்க. உள்ளே இஞ்சின், சீட்டு, குண்டு அடுக்கற ரேக் வரைக்கும் இருக்கற டப்பாவும் உண்டு. பழைய டிசைன் டப்பா இருபது முப்பது டாலர்னா, உள்கட்டோட வர்றது நூறை நெருங்குது. மேல போடற பித்தளையும் குழாயும் சேர்ந்தா டப்பா விலையையே தாண்டிடும். போதாக்குறைக்கு 2025 மே மாசம் சீனாவுலருந்து வர்ற சின்னப் பார்சலுக்கும், ஆகஸ்ட் கடைசியில மத்த நாட்டுப் பார்சலுக்கும் இருந்த 800 டாலர் சுங்க விலக்கை அமெரிக்காவுல எடுத்துட்டாங்க. இந்தியாவுல இருக்கற பசங்க பாடு இன்னும் மோசம். பொம்மை இறக்குமதி வரியை 2020ல இருபதுலருந்து அறுபது சதவீதம் ஆக்கினாங்க, 2023ல எழுபது.

இப்ப என் ஆபீஸ் கணக்கு. ஒரு அடி தூரத்துலருந்து சாதாரணக் கண்ணால பிரிச்சுப் பார்க்க முடியறது சுமாரா 0.1 மி.மீ. வரைக்கும்தான். 1/35 மாடல்ல அது நிஜத்துல 3.5 மி.மீ. நிஜ டாங்க்ல 20 மி.மீ. போல்ட் தலை மாடல்ல அரை மி.மீ.க்கு மேல வரும், தெரியும். 3 மி.மீ. ஒயர் தெரியாது. உள்ளே இருக்கற இஞ்சினோ, மூடி போட்டு ஒட்டினப்புறம் சுத்தமா தெரியாது. இதைப் பையன்கிட்ட வெள்ளைத்தாள்ல போட்டுக் காட்டினேன். "உனக்குத் தெரியாது. அது உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியுமே"ன்னான். இதுக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

போன வருஷம் அவன் கேட்ட டாங்க்தான் இந்தக் கதைக்கே காரணம். விஜயந்தா வேணும்னான்.

எங்கப்பா ஆவடி டாங்க் ஃபாக்டரியில ஃபிட்டர். 1967ல சேர்ந்து 2005ல ரிட்டையர் ஆனார். இங்கிலாந்து விக்கர்ஸ் கம்பெனி டிசைனை வாங்கி ஆவடியில செஞ்ச டாங்க் விஜயந்தா. 1965ல முதல் வண்டி ஆவடியில வெளிய வந்துது. 105 மி.மீ. பீரங்கி, லேலண்ட் இஞ்சின், நாலு பேர் உக்காரலாம். 1971 போருக்கும் போச்சு. ஃபாக்டரிக்குள்ள கேமரா கூடாது, அப்பாவும் வீட்டுல வேலையைப் பத்தி வாயே திறக்க மாட்டார். அவர் செஞ்ச வண்டின்னு காட்ட எங்க வீட்டுல ஒரு போட்டோ கூடக் கிடையாது. பேரன் தோண்டித் தோண்டிக் கேட்டப்பதான் போன்ல கொஞ்சம் கொஞ்சமா பேச ஆரம்பிச்சார்.

டாமியா பட்டியல்ல விஜயந்தா இல்ல. ஏன்னு எனக்கு நல்லாப் புரியும். பிளாஸ்டிக் மாடலுக்கு இரும்பு அச்சு வெட்டணும். அந்தச் செலவு ஒரே தடவை, ஆனா பெருசு. டைகர், ஷெர்மன்னா உலகம் பூரா வாங்குவாங்க, செலவு ஆயிரக்கணக்கான டப்பாமேல பரவிடும். விஜயந்தாவை யார் வாங்குவா? ஆவடிக்காரங்க பேரப்பசங்க! இந்த மாதிரி வண்டிக்கு ரெசின்தான் வழி. சிலிக்கான் ரப்பர் அச்சு மலிவு, ஆனா சில டஜன் வார்ப்புலயே கிழிஞ்சிடும். அதனால ஒவ்வொண்ணும் விலை அதிகம். தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட தனியாச் செஞ்சு தரச் சொல்லி விசாரிச்சோம். அவர் சொன்ன விலையில குடும்பத்துல ஒருத்தர் இந்தியாவுக்குப் போயிட்டு வந்துடலாம்.

அப்பா இப்ப மைசூர்ல அக்கா வீட்டுல, குவெம்புநகர்ல இருக்கார். எண்பது வயசு. விழித்திரை நடுவுல தேய்மானம். ஓரத்துல கொஞ்சம் தெரியும், நேரா பார்த்தா மங்கல். எவ்வளவு நுணுக்கமான மாடலைக் கொண்டு போய்க் காட்டினாலும் அவருக்குப் பச்சையா ஏதோ ஒண்ணுன்னுதான் தெரியும். அக்காதான் யோசனை சொன்னா. "டேய், அப்பா எல்லாத்தையும் இப்பத் தடவித்தான் பார்க்கறார். மரத்துல செஞ்சா என்ன? இங்க ஆளா இல்ல?"

மைசூர்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லதான். கருங்காலி, ஈட்டி மரத்துல வேற வேற கலர் மரத்துண்டைப் பதிச்சுப் படம் செய்யற இன்லே வேலைக்கு மைசூர் பேர் போனது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. மண்டி மொஹல்லாவுல அந்த வேலை செய்யற ஒரு பெரியவரை அத்தான் புடிச்சார். அவர்கிட்ட நடந்த பேரம் எனக்கு ஆபீஸ்ல பத்து வருஷத்துல கிடைக்காத பாடம்.

நெட்ல கிடைச்ச படமெல்லாம் பார்த்துட்டு அவர் ரூபாயே சொல்லல, நாள் சொன்னார். "படத்துல இருக்கற மாதிரியேன்னா இருபது நாள். டாங்க் மாதிரி இருந்தாப் போதும்னா மூணு நாள். மரம் விலை ரெண்டுக்கும் ஒண்ணுதான்." அதாவது நுணுக்கம்னா நாள். அவரோட கை, அவரோட நாள். இந்த இருபதுக்கும் மூணுக்கும் நடுவுல எங்க நிக்கறதுன்னு நாங்க முடிவு பண்ணணும்.

அதை அப்பாகிட்டயே விட்டோம். வீடியோ கால்ல பேரன் ஒவ்வொண்ணாக் கேட்டான். "தாத்தா, ட்ராக்ல ஒவ்வொரு கண்ணியும் வேணுமா?" "வேணாம், பட்டையா இருக்கட்டும்." "லைட்டு, கொக்கி, டூல் பாக்ஸ்?" "அதெல்லாம் எதுக்குப்பா." "அப்ப எதுதான் வேணும்?" அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஒரு பக்கத்துக்கு ஆறு சக்கரம். அஞ்சு வெச்சுடப் போறான், பார்த்துக்கோ. டரட் சுத்தணும். குழாய் நடுவுல ஒரு புடைப்பு இருக்கும், சுட்டதும் புகையைத் தள்ளறதுக்கு. அது இருக்கணும். இவ்வளவுதான்."

பெரியவர் நிஜமாவே அஞ்சு சக்கரம்தான் கணக்குப் போட்டு வெச்சிருந்தார் :)) சக்கரம் கூடினா நாளும் கூடுமேன்னு. அதுக்கும் வழி கிடைச்சுது. சக்கரமும் பீரங்கிக் குழாயும் உருண்டை சமாச்சாரம், கடைசல்ல சீக்கிரம் முடிஞ்சிடும். மைசூர்-பெங்களூர் ரோட்டுல போறவங்களுக்கு சென்னபட்ணா தெரியாம இருக்காது. அங்க பாலை மரத்தைக் கடைசல்ல சுத்தவிட்டு, சுத்தும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவாங்க. உரசற சூட்டுலயே அரக்கு உருகி மரத்துல ஏறிடும். அப்புறம் தாழை ஓலையை வெச்சுத் தேய்ச்சா பளபளப்பு. தனியா பெயின்ட் அடிக்கற வேலையே கிடையாது. பன்னிரண்டு சக்கரம், ஒரு குழாய், எல்லாம் பச்சை அரக்குல ஒரே நாள்ல முடிஞ்சு மைசூருக்கு வந்துது. உடம்பும் டரட்டும் பெரியவர் கை. மொத்தம் அஞ்சு நாள் கூலி. விரலுக்குப் புரியணும்னு 1/20 அளவுல வெச்சோம், உடம்பு மட்டும் நாப்பது சென்டிமீட்டர். மொத்தச் செலவு, இங்க பையன் கேட்ட உள்கட்டு டப்பாவை விடக் குறைவு.

2025 தசராவுக்குப் போனோம். அக்டோபர் 2 விஜயதசமி, அபிமன்யு 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்துக்கிட்டு நடந்ததைப் பையன் வாயைப் பொளந்து பார்த்தான். அதுக்கு முன்னால 2012லருந்து 2019 வரைக்கும் அம்பாரி சுமந்த யானை பேர் அர்ஜுனா, 2023 டிசம்பர்ல காட்டு யானையோட சண்டையில செத்துப் போச்சுன்னு அத்தான் சொன்னார். "ஆவடி டாங்க் பேரும் அர்ஜுன்தானே"ன்னு அவனுக்கு ஒரே ஆச்சரியம். அரண்மனை கல்யாண மண்டபத்துச் சுவர்ல அந்தக் காலத்து தசரா ஊர்வலம் ஓவியமா இருக்கு, போட்டோவைப் பார்த்து வரைஞ்சது. அது மகாராஜா பட்ஜெட். அக்கா வீட்டுக் கொலுவுல இருக்கற ஜம்பு சவாரி செட்டு நம்ம பட்ஜெட். ஒரு யானையைத் திருப்பிப் பார்த்துட்டுப் பையன், "அத்தை, பின்னாடி ஒண்ணுமே வரையல?"ன்னான். அக்கா சிரிச்சா. "படியில வெச்சா முதுகை யாருடா பாக்கப் போறா? அந்தக் காசுக்கு முகத்துல ஒழுங்கா கண்ணு வெச்சிருக்கான் பாரு."

டாங்கை அப்பா மடியில வெச்சோம். முதல்ல சக்கரத்தை எண்ணினார், ரெண்டு பக்கமும். குழாயைப் புடிச்சு மெதுவா நுனிவரைக்கும் போனார், புடைப்புல விரல் நின்னுது. டரட்டை ஒரு சுத்து சுத்தினார். அப்புறம் முன்பக்கம் வலது ஓரத்துல விரலை வெச்சுத் தேடினார். ரெண்டு தடவை. "இங்க டிரைவர் மூடி இருக்கும்"னார். நாங்க யாரும் அதைச் சொல்லல, அவரும் கேட்டிருக்கல. வழவழன்னு வெறும் மரம்.

பையன் எழுந்து போய் அக்காவோட தையல் டப்பாவைக் குடைஞ்சு ஒரு பெரிய கோட் பட்டனோட வந்தான். தாத்தா விரலைப் புடிச்சு, "இங்கயா? இன்னும் வலதா?"ன்னு கேட்டுக் கேட்டு சரியான இடத்துல வெச்சு ஒட்டினான். பசை காயறவரைக்கும் அப்பா பட்டன் மேல கட்டை விரலை அழுத்திக்கிட்டே பேசினார். மழை நாள்ல ஷெட்டுல தண்ணி நின்னது, ட்ரையல் ரன்ல வண்டி நின்னு போய் எல்லாரும் இஞ்சினைத் திட்டினது, கூட வேலை செஞ்சவங்க பேர் எல்லாம் வந்துது. நான் அம்பது வருஷமாக் கேட்காத கதை.

நான் கணக்குப் பார்க்கற ஆளு, அதனால இதையும் ஒரு கணக்காவே உங்களுக்குச் சொல்றேன். ஊர்ல இருக்கற பெரியவங்களுக்கோ, இங்க இருக்கற பசங்களுக்கோ இந்த மாதிரி ஒரு பொருள் செய்யச் சொல்லும்போது, "எவ்வளவு நுணுக்கமா"ன்னு கடைக்காரரைக் கேட்காதீங்க. யார் கையில போகுதோ அவங்களைக் கேளுங்க, மூணே மூணு விஷயம் சொல்லச் சொல்லுங்க. அந்த மூணுல ஒரு பைசா குறைக்காதீங்க. மத்ததுல தாராளமா குறைங்க. செய்யறவருக்கு நாள் கூலியை முழுசாக் குடுங்க, பேரம் வேலையோட அளவுல இருக்கட்டும்.

பையன் மாறிட்டான்னு நினைச்சா நீங்க ஏமாந்தீங்க. ஊருக்குத் திரும்பி வந்த வாரமே உள்கட்டு டப்பா ஒண்ணு வாங்கிட்டான், அவனோட பாக்கெட் மணியில. உள்ளே இருக்குன்னு அவனுக்குத் தெரியணுமாம். அவனோட மூணு விஷயத்துல அது ஒண்ணு போல. நான் வாயைத் திறக்கல.

போன வாரம் அப்பா போன் பண்ணினார். அவர் ரிட்டையர் ஆகறதுக்கு முந்தின வருஷம், 2004ல, முதல் பதினாறு அர்ஜுன் டாங்க் ராணுவத்துக்குப் போச்சு. அடுத்து அதுதான் வேணுமாம். "பெரியவர்கிட்ட இப்பவே சொல்லி வைடா, அதுக்கு ஒரு பக்கத்துக்கு ஏழு சக்கரம்"னார்.