பச்சை ஜாடியின் அடிப்பக்கம்

பேரணாம்பட்டில் உருது பேசும் இல்லங்களில் ஊறுகாய் ஜாடியை 'மர்த்தபான்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாங்காயும் எலுமிச்சையும் உப்பில் ஊறும் அந்த எளிய கலத்தின் பெயருக்குள் ஒரு கடல்வழி வாணிகமே அடங்கிக் கிடக்கிறது. பர்மியக் கரையிலுள்ள மர்த்தபான் துறைமுகத்தின் பெயர் அது. அத்துறை வழியே மேற்கு நோக்கி வந்த சீனத்துப் பச்சைப் பீங்கானை அரபியரும் பாரசீகரும் 'மர்த்தபானி' என்றழைத்தனர்.

ஐரோப்பியர் அதனையே 'செலடன்' என்பர். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புதினம் ஒன்றில் வரும் ஆயன் ஒருவனின் பெயர் அது என்பது அறிஞர் பலரின் கருத்து. சுல்தான் சலாஹுத்தீன் 1171-இல் நூருத்தீனுக்கு நாற்பது சீனக் கலங்களை அனுப்பினார் என்றும், அவர் பெயரே 'செலடன்' என மருவிற்று என்றும் கூறுவாரும் உளர். நம் மேடைகளில் இது கைதட்டல் பெறக்கூடும். ஆயினும் சொல்லாராய்ச்சிக்கு முன் நிற்காது. நஞ்சு கலந்த உணவை இட்டால் இக்கலம் வெடித்துவிடும் என்றொரு நம்பிக்கையும் முன்னாளில் இருந்தது. துருக்கியின் தோப்காப்பி அரண்மனையில் 1,300-க்கும் மேற்பட்ட செலடன் கலங்கள் சேர்ந்திருப்பதற்கு இந்நம்பிக்கையும் ஒரு காரணம் என்பர்.

நம் தமிழகத்துக்கும் இக்கலங்கள் வந்தன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் ஆய்வு நடத்தியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. பேராசிரியர் எ. சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமாவும் அவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தனர். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் சீனக் கலங்களின் உடைசல்கள் கிடைத்துள்ளன. ஆராய்ச்சி மாணவனாயிருந்த நாளில் பெரியபட்டினத்துச் சில்லுகள் சிலவற்றைக் கையிலெடுத்துப் பார்க்கும் பேறு எனக்கு வாய்த்தது. முழுக்கலத்தை விட உடைந்த சில்லே நல்லாசிரியன் என்பேன். முழுக்கலம் தன் உள்ளுடலை மறைக்கும், சில்லு மறைப்பதில்லை.

நிற்க. 2004-ஆம் ஆண்டு, காலஞ்சென்ற என் நன்னாவின் வீட்டைப் பங்கிட உறவினர் கூடினர். மாமுமார் இருவர், சின்னம்மா ஒருவர் என வாரிசுகள் மூவர். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் வீடு ஐந்து பங்காயிற்று. அவ்வீட்டில் இரு மீன்கள் கைப்பிடிகளாக அமைந்த பச்சை ஜாடி ஒன்று இருந்தது. நன்னா 1930-களில் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. சென்னையிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் அதனைப் பார்த்து, யுவான் மரபினர் காலத்தது, அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்டது, பல இலட்சம் பெறும் என்று எழுதியே கொடுத்திருந்தார். ஆகவே வீட்டில் சின்னம்மாவுக்குரிய ஐந்தில் ஒரு பங்கிற்கு ஈடாக ஜாடியைக் கொடுத்துவிடலாம் என்பது பெரிய மாமுவின் யோசனை. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. தங்கைக்கு அதிகமே கிடைக்கிறது என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். கணவரை இழந்திருந்த சின்னம்மாவுக்கோ அந்த ஐந்தில் ஒன்றைத் தவிர வேறு நிழலில்லை.

என் தாயார் நன்னாவுக்கு முன்பே மறைந்துவிட்டமையால் எனக்குப் பங்கில்லை. பங்கில்லாதவன், அதிலும் பழஞ்சில்லுகளைப் பார்த்தவன் என்பதால் ஜாடியைப் பார்க்க என்னை அழைத்தனர்.

செலடனின் வயதை அதன் முகத்தில் காண முயல்வது வீண். பசுமை எக்காலத்துச் சூளையிலும் வரும். மண்ணிலும் பூச்சிலும் நூற்றுக்கு ஓரிரு பங்கு இரும்பு இருந்து, சூளையில் காற்று குறைந்து, வெப்பம் 1,200 பாகைக்கு மேல் ஏறினால் பச்சை தோன்றும். காற்று மிகுந்தால் அதே பூச்சு மஞ்சளாகும் அல்லது பழுப்பாகும். செஜியாங் மாநிலத்து லொங்சுவான் சூளைகள் சொங், யுவான், மிங் மரபினர் காலங்களில் ஓங்கி எரிந்து, பின்னர் மங்கின. 1950-களில் மீண்டும் புத்துயிர் பெற்றன. இடையில் ஜப்பானியரும் சயாமியரும் பச்சைக் கலங்கள் செய்தனர். எகிப்தின் குயவர்களோ நடுக்காலத்திலேயே இதற்குப் போலி செய்து பார்த்தனர். ஆகவே நிறத்தை நம்பலாகாது.

பார்க்க வேண்டியது அடிவளையம். பூச்சுப் படாத அவ்விடத்தில், சூளை ஆறும்போது உட்புகும் காற்று மண்ணிலுள்ள இரும்பைச் சிவக்கச் செய்யும். பழைய லொங்சுவான் கலங்களில் இச்செம்பழுப்பு பூச்சின் ஓரத்தில் மெல்ல மெல்லத் தோய்ந்து மறையும். போலி செய்வோர் பழுப்புச் சாயத்தைத் தூரிகையால் தீட்டிவிடுவர். அது கோடு போட்டாற்போல நின்றுவிடும். அடுத்தது உட்புறம். யுவான் காலத்துப் பெரிய ஜாடிகளைத் துண்டு துண்டாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினர். கையை உள்ளே விட்டால் இணைப்பு குறுக்கே தட்டுப்படும். களிக்குழம்பை அச்சில் ஊற்றிச் செய்த பிற்காலத்துக் கலத்தில் மேலிருந்து கீழாக நெடுக்குத் தழும்பு ஓடும். மூன்றாவது தேய்மானம். பல தலைமுறை புழங்கிய கீறல்கள் எத்திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும். உப்புத்தாள் தேய்த்த கீறல்கள் ஒரே பக்கமாகச் சாயும். அடியில் எழுத்து இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. பழைய லொங்சுவான் கலங்களில் அரச முத்திரை காண்பது அரிது. ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருக்குமாயின், அது பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கர் சட்டம் செய்ததன் விளைவு அது.

இவை இருக்க, ஐயமற்ற ஆண்டு தெரிந்த கலங்களோடு ஒப்பிடுவதே உறுதியான வழி. கொரியாவின் சினான் கடலில் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து 1976 முதல் 20,000-க்கும் மேற்பட்ட பீங்கான் கலங்களை எடுத்தனர். பாதிக்கு மேல் செலடன். சரக்கோடு இருந்த மரச்சீட்டுகள் 1323-ஆம் ஆண்டைக் காட்டுகின்றன. ஆகவே அக்கலங்கள் ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல். கலத்தின் உடலைச் சிறிது துளைத்தெடுத்து, சூளையில் வெந்த காலத்தை வெப்ப ஒளிர்வால் கணிக்கும் முறையும் உண்டு. ஆனால் அது பழையதா புதியதா என்று கூறுமேயன்றி, இன்ன ஆண்டு என்று துல்லியமாகக் கூறாது.

இவற்றையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கையில் பெரிய மாமு குறுக்கிட்டார்கள். அவர்கள் நாற்பதாண்டுக் காலம் டேனரியில் தோல் தரம் பிரித்தவர்கள்.

"முகத்தைப் பார்த்து விலை சொல்பவன் பெரியமேட்டில் ஒரு நாள் தாங்க மாட்டான். திருப்பிச் சதைப்பக்கம் பார்க்க வேண்டும். அதைத்தானே நீ சொல்கிறாய்?"

"அதேதான், மாமு."

தேய்த்த தோலின்மேல் அச்சு அழுத்திப் பொய்யான மயிர்க்கண்களை உண்டாக்குவது அத்தொழிலில் வழக்கம்; ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருவதைக் கொண்டு தேர்ந்தவர் அதனைக் கண்டுகொள்வர். அந்த விரல்களோடு மாமு ஜாடிக்குள் கைவிட்டார்கள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின் என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வாயிலிருந்து அடிவரை நெடுக்குத் தழும்பு, எதிர்ப்புறத்திலும் அவ்வாறே. அடிவளையத்தின் பழுப்பு தூரிகைக் கோட்டோடு நின்றது. அடியின் நடுவே ஓரிடம் மட்டும் மங்கலாகத் தேய்க்கப்பட்டிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆங்கில எழுத்து இரண்டின் கால்கள் தெரிந்தன.

நன்னா பினாங்கில் வாங்கியபோது ஜாடி ஏறக்குறையப் புதியது என்றே கொள்ள வேண்டும். கூடத்தில் நெடுநேரம் அமைதி. தகப்பனார் கொண்டுவந்த பொருளைக் குறைத்துப் பேசுவதா என இளைய மாமு வருந்தினார்கள். பெரிய மாமு வியாபாரியின் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வீட்டைப் பங்கிடுவோம். ஜாடிக்கு விலை எழுத வேண்டாம்" என்றார்கள். கிணற்றடியை ஒட்டிய இரு அறைகள் சின்னம்மா பெயருக்கு எழுதப்பட்டன. எழுதி முடிந்தபின், "யாருக்கும் வேண்டாம் என்றால் அத்தாவின் ஜாடியை நானே வைத்துக்கொள்கிறேனே" என்று சின்னம்மா கேட்டார்கள். அண்ணன்மார் இருவரும் மனமொப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அவ்வியாபாரி மீண்டும் வந்தார். அடிப்பக்கத்தை யாருக்கும் காட்ட வேண்டாம், வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன் என்றார். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பழையதானால் கடத்தல், புதியதானால் மோசடி. இதை நான் எடுத்துரைக்குமுன்பே, மாமு அவருடைய சீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்து, தேநீர் அருந்தச் செய்து, பேருந்து நிலையத்துக்கு வழி காட்டி அனுப்பிவிட்டார்கள்.